பலர் கூடி அளந்த கடல்

நிலத்துக்கு எல்லை வகுக்கலாம்; கல் நடலாம்; வேலி இடலாம். கடலுக்கு அது இயலாது. ஆப்பிரிக்கக் கரையோரம் ஓடிய நீர் அரபிக்கடலைக் கடந்து நம் கரைக்கு வருகிறது. சுமத்திராவின் அருகே கடலடி நிலம் பிளந்தால் நாகப்பட்டினத்து மீனவரின் வீடு அழிகிறது. கடல் ஒன்றாய் இருக்க, அதனை ஆராய்வோர் மட்டும் தனித்தனியே நின்றால் ஆராய்ச்சி நிறைவு பெறுமா? பெறாது. இவ்வுண்மையை உலக நாடுகள் எவ்வாறு உணர்ந்தன, எவ்வளவு தூரம் செயலிற் காட்டின, எங்கே தவறின என்பவற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர் வாயிலாகச் சுருங்கக் கூற விழைகிறோம்.

கடலாராய்ச்சி பெருஞ்செலவு பிடிப்பது. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று மணிக்கு இருபது கிலோமீட்டர் அளவிலேயே செல்லும். நம் சரக்கு வண்டியின் நடைதான். இந்தியப் பெருங்கடலின் பரப்போ ஏறத்தாழ ஏழு கோடிச் சதுர கிலோமீட்டர். தனி ஒரு நாடு, அது எத்துணைச் செல்வம் மிக்கதாயினும், இத்துணைப் பரப்பைத் தன் கப்பல்களாலேயே அளந்து முடித்தல் அரிது. ஆகவே கப்பலையும், கருவியையும், கண்ட முடிவுகளையும் பகிர்ந்துகொள்ளுதல் பெருந்தன்மை மட்டும் அன்று, தேவையும் ஆகும்.

நம் குடியிருப்பில் வாழும் இரயில்வே ஊழியர்க்கு இக்கருத்து புதிதன்று. ஓர் இரயில்வேயின் சரக்குப் பெட்டி மற்றோர் இரயில்வேயின் பாதையில் ஓடுகிறது. அவ்வாறு ஓட வேண்டுமாயின் பாதையின் அகலம் ஒன்றாதல் வேண்டும். பெட்டிகளை இணைக்கும் கொக்கி ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். எந்தப் பெட்டி எங்கே உள்ளது என்னும் கணக்கும் வேண்டும். கடலாராய்ச்சியில் நாடுகள் கூடிய வரலாறும் இம்மூன்றையும் தேடிய வரலாறே.

வாடகைக்கு ஒரு மேசை

இவ்வரலாற்றின் தொடக்கத்தை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் காண்கிறோம். அந்தோன் டோர்ன் என்னும் ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் 1872-ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். தம் குடும்பச் செல்வத்தை அதில் இட்டார். டார்வின் உள்ளிட்ட ஆங்கில அறிஞர்களும் பொருள் உதவினர். ஆயினும் நிலையத்தை ஆண்டுதோறும் நடத்தப் பணம் வேண்டுமே! அதற்கு டோர்ன் கண்ட வழி எளியது, புதியது. பல்கலைக்கழகமோ அரசாங்கமோ ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தினால், அந்நிலையத்தில் ஒரு 'மேசை' அதற்கு உரியதாகும். அம்மேசைக்கு அது தன் அறிஞர் ஒருவரை அனுப்பலாம். மேசையுடன் கடல்நீர்த் தொட்டியும், வேதிப்பொருள்களும், நூல்நிலையமும், கடலிலிருந்து புதிதாய்ப் பிடித்து வந்த உயிர்களும் கிடைக்கும். அவர் எந்நாட்டினர், எக்கொள்கையினர் என்று எவரும் வினவுவதில்லை. கீழ்த்தளத்தில் மீன்காட்சிச் சாலை அமைத்துப் பொதுமக்களிடம் நுழைவுக் கட்டணம் பெற்றதும் நிலையத்தின் செலவுக்கு உதவியது.

முதல் உலகப் போர் இக்கூட்டுறவையும் தாக்காமல் விடவில்லை. 1915-இல் இத்தாலி போரில் இறங்கியதும், நிறுவியவரின் மகனான ரைன்ஹார்ட் டோர்ன் நிலையத்தை விட்டு அயல்நாடு செல்ல நேர்ந்தது. 1924-இல்தான் அவர் அதன் பொறுப்பை மீண்டும் ஏற்றார். நாடுகளின் பகைமை முற்றும்போது அறிவின் கூட்டுறவும் அடிபடுகிறது என்பதற்கு இஃது ஒரு பழைய சான்று.

அதே 1872-ஆம் ஆண்டின் இறுதியில் 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பல் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்டது, 1876-இல் திரும்பியது. கொண்டுவந்த உயிரினங்களை ஆங்கில அறிஞர்களுக்கே கொடுத்தல் வேண்டும் எனச் சிலர் முறையிட்டனர். ஆய்வுக் குழுவின் தலைவரான வைவில் தாம்சன் அதற்கு இசையவில்லை. எத்துறையில் எவர் வல்லவரோ அவருக்கே அனுப்பினார். ஜெர்மனியின் ஹெக்கல் நுண்ணிய கதிருயிர்களை ஆராய்ந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட புது இனங்களை விவரித்தார். அமெரிக்காவின் அலெக்ஸாண்டர் அகாஸி கடல் முள்ளெலிகளை ஆராய்ந்தார். முடிவுகள் ஐம்பது பெருந்தொகுதிகளாய் வெளிவந்தன. அவை எல்லா நாட்டுக்கும் பொதுவாயின.

கோபன்ஹேகன் நீர்

பாதையின் அகலம் ஒன்றாதல் வேண்டும் என்றோம். கடலாராய்ச்சியில் அதற்கு இணையான செய்தி ஒன்று உண்டு. கடல்நீரில் உப்பு எவ்வளவு என்பதை நுட்பமாய் அளந்தாலன்றி நீரோட்டங்களின் போக்கை அறிய இயலாது. ஒரு நாட்டின் கப்பல் அளந்த உப்பும் மற்றொரு நாட்டின் கப்பல் அளந்த உப்பும் ஒப்பிடத் தக்கனவா என்பது எவ்வாறு தெரியும்? டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் நுட்சன் இதற்கு விடை கண்டார். அளவு முன்னரே துல்லியமாய் அறியப்பெற்ற கடல்நீரைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, வாயை உருக்கி மூடி, உலகின் ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பும் ஏற்பாடு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றியது. அதனைக் 'கோபன்ஹேகன் நீர்' என்றே வழங்கினர். கடைக்காரரின் படிக்கல்லை அரசாங்க முத்திரைப் படிக்கல்லோடு ஒப்பிடுவது போன்று, ஒவ்வொரு கப்பலும் தன் கருவியை அக்குப்பி நீரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க் அப்பணியைச் செய்தது. பின்னர் 1975-இல் அது இங்கிலாந்துக்கு மாறியது. ஒரு சிறு நாடு உலகுக்குச் செய்த பெருந்தொண்டு இது.

இந்தியப் பெருங்கடலை நோக்கி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அட்லாண்டிக் கடலும் பசிபிக் கடலும் ஓரளவு ஆராயப்பெற்றன. இந்தியப் பெருங்கடலோ கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1957-இல் அமெரிக்காவின் உட்ஸ்ஹோல் என்னும் ஊரில், ரோஜர் ரெவெல் அவர்களின் தலைமையில் பல நாட்டு அறிஞர்கள் அடங்கிய கடலாராய்ச்சிக் குழு கூடியது. பெருங்கடல்களுள் மிகக் குறைவாய் அறியப்பெற்றது எது என்று ஆராய்ந்து, இந்தியப் பெருங்கடலே என்று முடிவு செய்தது. இவ்வாறு தோன்றியதே சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆராய்ச்சிப் பயணம். 1959 முதல் 1965 வரை இது நிகழ்ந்தது. 1960-இல் யுனெஸ்கோவின் கீழ் அரசாங்கங்களிடைக் கடலாய்வு ஆணையம் தோன்றி, பின்னர் இப்பயணத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பையும் ஏற்றது.

இக்கடலின் தனித்தன்மை என்ன? மற்றப் பெருங்கடல்கள் வடக்கே விரிந்து செல்கின்றன. இதனையோ ஆசியக் கண்டம் வடக்கே அடைத்து நிற்கிறது. ஆதலின் ஆண்டுக்கு இருமுறை காற்றின் திசை மாறுகிறது. காற்றோடு கடலின் ஓட்டமும் திசை மாறுகிறது. பருவக்காற்றைக் கொண்டு கலம் செலுத்திய நம் முன்னோர் அறிந்த செய்தியே இது. ஆயினும் அவ்வோட்டம் எவ்வளவு ஆழம் வரை செல்கிறது, எப்போது திரும்புகிறது, அதனால் மீன்வளம் எங்கே பெருகுகிறது என்பவற்றை எவரும் அளந்திலர்.

ஏறத்தாழ நாற்பது கப்பல்கள் இப்பணியில் ஈடுபட்டன. எந்தெந்த நாட்டின் கப்பல்கள் என்று பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. அது பனிப்போர்க் காலம். எனினும் அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒரே பட்டியலில் நின்றன. இந்தியாவும் பாகிஸ்தானும் பங்கு கொண்டன. அந்நாளில் நம் அரசாங்கம் வாணிக உறவையே துண்டித்திருந்த தென்னாப்பிரிக்காவின் கப்பல்களும் இதில் இருந்தன. இங்கிலாந்தின் 'டிஸ்கவரி', சோவியத் நாட்டின் 'வித்யாஸ்', மேற்கு ஜெர்மனியின் 'மீட்டியார்', ஜப்பானின் 'உமிதாக்கா மாரு', ஆஸ்திரேலியாவின் 'டயமண்டினா' ஆகியவை அவற்றுட் சில. அளந்த கணக்குகளை வாஷிங்டனில் ஒன்றும் மாஸ்கோவில் ஒன்றுமாக இருந்த உலகத் தகவல் நிலையங்கள் இரண்டிலும் சேர்க்க வழி செய்யப்பெற்றிருந்தது. அணுகுண்டுகளை ஒருவர்மீது ஒருவர் குறிவைத்திருந்த இரு வல்லரசுகள் கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் பரிமாறிக்கொண்டன!

அமெரிக்கா அனுப்பிய கப்பல்களுள் ஒன்றின் கதை சுவையானது. ஒரு செல்வரின் உல்லாசக் கலமாக 1930-இல் கட்டப்பெற்று, பின்னர்க் குடியரசுத் தலைவர் ட்ரூமனின் உல்லாசப் படகாக விளங்கிய 'வில்லியம்ஸ்பர்க்' என்னும் கப்பல் 1962-இல் ஆராய்ச்சிக்கு அளிக்கப்பெற்றது. ஆணையத்தின் முதல் தலைவராய் இருந்து 1961-இல் மறைந்த டென்மார்க் அறிஞரின் நினைவாக அதற்கு 'ஆன்டன் புரூன்' என்று பெயரிட்டனர். அமெரிக்கக் கப்பலுக்கு டென்மார்க் அறிஞரின் பெயர். அதில் இந்திய விஞ்ஞானிகளும் உடன் பயணம் செய்தனர்.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பலான 'கிஸ்தனா'வை நம் கடற்படை ஆராய்ச்சிக்கு உதவியது. நார்வே நாட்டின் உதவியோடு கேரளக் கரையில் 1950-களில் தொடங்கிய மீன்வளத் திட்டத்தைச் சேர்ந்த 'வருணா'வும் கலந்துகொண்டது. இந்தியப் பகுதியின் பணிகளை நெறிப்படுத்தியவர் டாக்டர் என். கே. பணிக்கர். இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் முகாமில் இருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர் அவரே என்பது தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

கொச்சியும் பம்பாயும்

கூட்டுறவின் உயிர்நாடி கப்பல்களில் மட்டும் இல்லை. கரையில் அமைந்த இரு நிலையங்களிலும் இருந்தது. அவ்விரண்டும் நம் நாட்டிலேயே அமைந்தன.

முதலாவது, யுனெஸ்கோவின் துணையோடு கொச்சியில் நிறுவிய இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம். கடலில் மிதந்து வாழும் சிற்றுயிர்களே மீன்களுக்கு உணவு. அவற்றை ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு விதமான வலையால் அள்ளினால் ஒப்பிடுதல் இயலாது. எனவே ஒரே அளவான வலை ஒன்று வகுக்கப்பெற்றது. அதன் வாய் ஒரு சதுர மீட்டர். இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து நேரே மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்பது விதி. பல நாட்டுக் கப்பல்கள் அவ்வாறு எடுத்த ஏறத்தாழ 1,900 மாதிரிகள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. நம் நாட்டு இளைஞரும் இளம் பெண்களும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அவற்றை இனம் இனமாகப் பிரித்தனர். அயல்நாட்டு வல்லுநர்கள் உடனிருந்து பயிற்சி அளித்தனர். பிரித்தவை உலகெங்கும் உள்ள அறிஞர்களுக்குச் சென்றன. கப்பலின் மேல்தளத்தில் நிற்போரின் படம் செய்தித்தாளில் வரும். குப்பியின் முன் குனிந்திருப்போரின் படம் வருவதில்லை. ஆயினும் அவர்கள் உழைப்பின்றி இப்பயணத்தின் பாதிப் பயன் கிடைத்திராது.

இரண்டாவது, நாம் வாழும் இம்மாநகரின் கொலாபாவில் 1963-இல் இயங்கத் தொடங்கிய சர்வதேச வானிலை மையம். கப்பல்களும், விமானங்களும், கரையோர நிலையங்களும் அனுப்பிய வானிலைச் செய்திகள் இங்கே குவிந்தன. கம்ப்யூட்டர் என்பதைக் கண்ணால் கண்டோரே அரிதாயிருந்த அந்நாளில் இம்மையத்தில் ஐ.பி.எம். 1620 இயந்திரம் ஒன்று அமைக்கப்பெற்றது. அமெரிக்க வானிலை ஆராய்ச்சி விமானங்கள் 1963-ஆம் ஆண்டின் பருவமழைக் காலத்தில் பம்பாயிலிருந்து அரபிக்கடலின்மேல் பறந்து அளவுகள் எடுத்தன. தரைமட்டத்தில் வலிமையாய்த் தோன்றாமல், பல கிலோமீட்டர் உயரத்தில் சுழன்று, குஜராத் கரையிலும் இந்நகரப் பகுதியிலும் பெருமழை பொழிவிக்கும் ஒருவகைச் சுழல் அப்பொழுதுதான் தெளிவாக ஆராயப்பெற்றது. ஆனி, ஆடித் திங்களில் தண்டவாளம் மூழ்கி வண்டிகள் நிற்கும்போது நாம் நோவது இத்தகைய மழையையும் சேர்த்துத்தான்!

கண்ட பயன்

பயனில் சிலவற்றை மட்டும் குறிப்போம். சோமாலியக் கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவக்காற்றில் உலகின் விரைவான கடலோட்டங்களுள் ஒன்றாகிறது என்பது அளந்து காணப்பெற்றது. செங்கடலின் அடியில் சாதாரணக் கடல்நீரைவிட ஏழு மடங்கு உப்புச் செறிந்த வெந்நீர் தேங்கிய பள்ளங்கள் புலப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கு 'டிஸ்கவரி' என்றும் மற்றொன்றுக்கு 'அட்லாண்டிஸ் இரண்டு' என்றும் கண்ட கப்பல்களின் பெயர்களே வழங்குகின்றன. வங்கக் கடலிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் கடலடி மலைத்தொடர் வரைபடத்தில் இடம்பெற்றது. அரபிக்கடலின் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடர்மீது 'ஓவன்' என்னும் ஆங்கிலக் கப்பல் 1962-இல் எடுத்த காந்த அளவுகளைக் கொண்டு, கடலடித் தரை நடுவே பிளந்து இரு புறமும் விலகுகிறது என்னும் கொள்கைக்கு வைன், மாத்யூஸ் என்னும் இருவர் 1963-இல் வலிமையான சான்று அளித்தனர். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்க உதவிய சான்றுகளுள் இஃது ஒன்று. பல நாட்டுக் கணக்குகளையும் ஒன்றுசேர்த்து கிளாஸ் விர்ட்கி தொகுத்த பெருங்கடல் வரைபட நூல் 1971-இல் வெளிவந்தது.

நம் நாட்டுக்குக் கிடைத்த நிலையான பயன், 1966-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் தோன்றிய தேசியக் கடலாய்வு நிறுவனம். அதன் தலைமையகம் கோவாவில் உள்ளது. கொச்சி மையமும் அதனோடு இணைந்தது.

குறைகளையும் கூறுவதே நேர்மை. ஒவ்வொரு நாடும் தன் கப்பலின் வழியைப் பெரும்பாலும் தானே வகுத்தது. அதனால் ஒரே இடத்தைப் பலர் அளந்தனர். சில இடங்களை எவரும் அளக்கவில்லை. கரையோர ஏழை மக்களுக்கு மீன் உணவு பெருகும் என்று காட்டிய நம்பிக்கையும் எதிர்பார்த்த அளவுக்கு விரைந்து நிறைவேறவில்லை. எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1965-இல் பயணம் முடிந்ததும் கப்பல்கள் தத்தம் நாடு திரும்பின. இடைவிடாது கடலைக் கண்காணிக்கும் பொது ஏற்பாடு ஒன்று இந்தியப் பெருங்கடலில் நிலைபெறவில்லை.

கொடுத்த விலை

அதே 1965-ஆம் ஆண்டில் பசிபிக் கடல் நாடுகள் ஆழிப்பேரலை எச்சரிக்கைக்கென அதே ஆணையத்தின் கீழ் ஒன்றுகூடின. ஒரு நாட்டின் அலைமானி காட்டும் செய்தி மற்ற நாடுகளுக்குச் செல்ல வழி அமைந்தது. இந்தியப் பெருங்கடலில் அத்தகைய அமைப்பு இல்லை. இங்கே பேரலை அரிது என்று கருதிவிட்டனர்.

2004 டிசம்பர் 26 காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஹவாய்த் தீவின் எச்சரிக்கை நிலையம் சில நிமிடங்களில் நிலநடுக்கத்தை அறிந்தது. ஆனால் கடல் எழுந்ததா என்று உடனுக்குடன் காட்டப் போதிய கருவிகள் இக்கடலில் இல்லை. எவருக்குச் சொல்வது என்னும் ஏற்பாடும் இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின்னரே அலை தமிழகக் கரையை அடைந்தது. இரண்டு மணி நேரம்! கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும் கடற்கரையை விட்டு நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். சொல்வாரில்லை. பல நாடுகளிலும் சேர்த்து இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அவருள் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். நாடுகள் கருவிகளையும் செய்தியையும் பகிராமைக்கு யார் விலை கொடுத்தனர் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

அழிவுக்குப் பின்னரே அறிவு பிறந்தது. இந்தியப் பெருங்கடல் நாடுகள் 2005-இல் ஒன்றுகூடி எச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்தின. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் எச்சரிக்கை நிலையம் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் இப்பகுதி நாடுகள் அனைத்துக்கும் பேரலைச் செய்தி அளித்து வருகின்றன. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்திராவின் அருகே மீண்டும் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது சில நிமிடங்களிலேயே அறிக்கைகள் பறந்தன. நல்வாய்ப்பாகப் பேரலை எழவில்லை.

இன்று கடலைக் கப்பல்கள் மட்டும் அளக்கவில்லை. 'ஆர்கோ' என்னும் திட்டத்தில் பல நாடுகள் மிதவைக் கருவிகளை உலகக் கடல்களில் விட்டுள்ளன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி, வெப்பத்தையும் உப்பையும் அளந்து, விண்கோள் வழியே செய்தி அனுப்புகிறது. 2007-இல் இவற்றின் எண்ணிக்கை மூவாயிரத்தை எட்டியது. எந்நாடு விட்ட மிதவையாயினும் செய்தி எல்லார்க்கும் இலவசம். இந்தியப் பெருங்கடலில் நங்கூரமிட்ட மிதவை வரிசை ஒன்றும் உண்டு. அமெரிக்கா மிதவைகளை அளிக்க, நம் நாட்டுக் கப்பல்கள் அவற்றை நிறுத்தவும் பழுது பார்க்கவும் செல்கின்றன. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் நம் மிதவைகளைப் பேணுகின்றனர். 2015 டிசம்பரில் இரண்டாம் சர்வதேச ஆராய்ச்சிப் பயணம் கோவாவில் தொடங்கி, 2020 வரை என்று வகுத்த காலம் பின்னர் 2025 வரை நீட்டிக்கப்பெற்றது.

இடையூறுகளும் இல்லாமல் இல்லை. 1982-இல் உருவான கடற்சட்ட உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் கரையிலிருந்து 200 கடல்மைல் வரை ஆராய அந்நாட்டின் இசைவு வேண்டும். கரையோர நாடுகளின் உரிமையைக் காப்பது நியாயமே. ஆயினும் இசைவு தாமதித்தால் கப்பல் காத்துக் கிடக்கிறது. சோமாலியக் கொள்ளையரின் அச்சத்தால் மேற்குப் பகுதியில் மிதவைகளை நிறுத்தும் பணி பல ஆண்டு தடைப்பட்டதும் உண்டு. பாதுகாப்பும் வேண்டும், பகிர்வும் வேண்டும். இரண்டையும் இணைக்கும் வழியைத் தேடுதல் அரசாங்கங்களின் கடமை.

அன்பர்களே! நம் சங்கத்து நூல்நிலையத்தில் ஒரு வீட்டார் தந்த நூலை மற்றொரு வீட்டுப் பிள்ளை படிக்கிறது. பெயரேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்கிறது; குறித்த நாளில் திருப்பித் தருகிறது. நூல் தந்தவர் வறியவராகவில்லை. குடியிருப்பே அறிவு பெறுகிறது. நாடுகள் கடலில் செய்ய முயல்வதும் இதுவே. பொது அளவு, ஒழுங்கான கணக்கு, எடுத்ததைத் திருப்பித் தரும் நேர்மை ஆகிய மூன்றும் இருந்தால் கூட்டுறவு நிலைக்கும். ஒன்று குறையினும் தளரும். நம் குடியிருப்பில் விஞ்ஞானம் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். அவருள் ஒருவரேனும் கடலாராய்ச்சித் துறையில் புகுந்து, அடுத்த பேரலை வருமுன் கரையோர மக்களுக்கு உரிய நேரத்தில் ஒரு சொல் சென்று சேர உதவுவாராயின், இம்மலரில் நாம் எழுதிய இச்சில பக்கங்கள் பயன் பெற்றனவாகும்.